நல்ல காது

ஜூன் 30, திங்கள்

இந்த டைரியை என் மகள் வினோதா ஜனவரியிலேயே கொடுத்தாள். அவள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. முதல் பக்கத்தில் 'கனகவல்லி சீனிராஜ்' என்று என் பெயரையும் அவளே எழுதி, "மனசுல கெடக்கிறத எழுதிப் போடும்மா, பாரம் குறையும்" என்றாள். ஆறு மாதமாக டிவிக்கு மேல் தூசி படிந்து கிடந்தது.

இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தேன். ஜூலை 24, ஆடி அமாவாசை. அன்றைக்கு என் வீட்டுக்காரருடைய கயிறு அவிழ்கிறது.

போன ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரைக் கருப்பசாமி கோயிலில் நின்று, ஒரு வருஷம் குடிக்க மாட்டேன் என்று இவர் சத்தியம் செய்தார். பூசாரி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். கயிற்றோடு குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது ஊர்ப்பேச்சு. நான் கருப்பசாமியை நம்பினேனோ இல்லையோ, இவர் கருப்பசாமிக்குப் பயப்படுவதை நம்பினேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கருப்பனுக்கும் இவருக்கும் ஒரு பேச்சும் இல்லை.

தெருவுக்கு விற்கிற இட்லி மாவு கிரைண்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மாவு பாதி அரைந்தும் அரையாமலும் கிடக்கிறது.

ஜூலை 2, புதன்

இவர் மில்லில் ஃபிட்டர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீட்டுக்கு வருவார். கயிறு கட்டுவதற்கு முந்தி அந்த இரண்டரை, ராத்திரி எட்டரை ஆகும். சில நாள் யாராவது தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வருகிறார், கை கழுவுகிறார், சாப்பிடுகிறார், பாயை விரித்துப் படுக்கிறார். கண்ணயர்ந்ததும் நான் சத்தமில்லாமல் போய்க் குனிந்து வாயை மோந்து பார்ப்பேன். சாம்பார் வாடை வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. சாமி கும்பிடக்கூட நான் இத்தனை ஒழுங்கு இல்லை.

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் குளத்தில் குதித்து விளையாடி, தண்ணீர் புகுந்து கெட்டுப்போனது. அதனால் எப்போதும் இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பேன். நல்ல காது மேலே இருக்கும். வாசல் கேட்டின் கொண்டியைத் திறக்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், கழற்றுகிற ஆள் நிதானத்தில் இருக்கிறாரா என்பது வரைக்கும் அது எனக்குச் சொல்லிவிடும். மாற்றிப் படுத்தால் ஒன்றும் கேட்காது. அப்படிப் படுத்துப் பல வருஷமாயிற்று. இடது தோள்பட்டை வலிக்குக் களிம்பு வாங்க வேண்டும்.

ஜூலை 5, சனி

இன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேச்சை எடுத்தேன். இரண்டாவது தடவை சோறு போடும்போது, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அமாவாசைக்குப் போயி அவுத்துட்டு, அங்கயே அடுத்த வருஷத்துக்கும் கட்டிருவோம் என்னங்க?"

"பாப்போம்."

"என்ன பாப்போம்? பூசாரிட்ட முன்னக்கூட்டியே சொல்லணும்ல. கூட்டமா இருக்கும்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கயிறு இல்லாம இருந்து பாக்கலாம்னு இருக்கேன், கனகு."

கரண்டி கைதவறிக் கீழே விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு இவர் திடுக்கிட்டாரா, நான் திடுக்கிட்டேனா, தெரியவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. வாங்கிப் போனவர்கள் எல்லாரும் திரும்ப வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

ஜூலை 9, புதன்

பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார். பத்து மணிவாக்கில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தேன். வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இவர் கேட்டுக்கு வந்தார்.

கையில் கயிறு இல்லை.

கயிறு கிடந்த இடத்தில் தோல் வெளுத்து வளையம்போல் இருந்தது. நான் அதைப் பார்த்ததை இவரும் பார்த்தார். மாத்திரையை இடது கையால் வாங்கிக்கொண்டு வலது கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"வெயில்ல ஏன் வந்த? மெஷின் ஓடுது, வாரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது கயிறு கையில் இருந்தது. அந்தக் கையால்தான் சாப்பிட்டார். நான் ரசம் ஊற்றினேன். பூசாரி கட்டிய கயிறு வெட்டினால் ஒழியக் கழலாது, எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாத வீட்டில் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறோம்.

ஜூலை 10, வியாழன்

இன்று மூன்று தடவை மோந்து பார்த்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் மாவு கொடுக்கப் போனேன். என் பை அங்கே இருக்கிறதா என்று பார்க்கத்தான் உண்மையில் போனேன். அக்கா வீட்டுப் பரணில் என் பை ஒன்று ஐந்து வருஷமாக இருக்கிறது. இரண்டு சேலை, ஆதார் கார்டு, என் கம்மல். எதற்கு என்று அக்காவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பேச்சோடு பேச்சாக, கயிற்றைக் கழற்றி மாட்ட முடியுமா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கழட்டி ஆணியில மாட்டிட்டுல்ல குடிக்கப் போவாரு! கையில இருந்தாத்தான கருப்பன் பாப்பான், ஆணியில இருந்தா எப்படிப் பாப்பான்னு கேப்பாரு. அம்புட்டு அறிவு."

அந்த அறிவோடேயே அவர் போய்ச் சேர்ந்தும் நாலு வருஷம் ஆகிறது. நானும் கூடவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வினோதா போன் பண்ணினாள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாகக் காது டாக்டர் வந்திருக்கிறாராம்.

"செவிப்பறை கிழிஞ்சிருந்தா ஒட்டிருவாங்கம்மா. ஒரு தடவ வா, காட்டுவோம்."

"குளத்துத் தண்ணி போயிக் கெட்ட காதுக்கு இப்ப எதுக்குடி வைத்தியம்?"

மெதுவாகக் கேட்டாள். "எந்தக் குளம்மா? நான் அப்ப அடுப்படியிலதான நின்னேன்."

இட்லி வெந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

ஜூலை 16, புதன்

இன்று நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இதில் எழுதுகிறேன்.

மில்லிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற வழியில் ஒயின்ஷாப் இருக்கிறது. சுற்றிப் போக வேறு பாதை கிடையாது. இரண்டு மணிக்கு அதற்கு எதிரே இருக்கும் சர்பத் கடைக்குப் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நன்னாரி சர்பத்தை எவ்வளவு நேரம் குடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் குடித்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒயின்ஷாப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் பொம்பளையை வேறு எப்படிப் பார்ப்பார்?

இவருடைய வண்டி வந்தது. ஷாப்புக்குக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

இவர் சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டுக் கயிற்றை எடுத்தார். மணிக்கட்டில் மாட்டி, ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து இறுக்கினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்து, கண்பட்டை கட்டின குதிரை மாதிரி அந்தப் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு மணி நேரம் கயிறு இல்லாமல் இருக்கிற ஆள், வீடு நெருங்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார் என்றால் யாரை ஏமாற்ற? மில்லுக்குள்ளேயே யாராவது பாட்டில் கொண்டுவருகிறார்களோ? வாடை வராத சரக்கு ஏதாவது வந்திருக்கிறதோ?

நான் குறுக்குச் சந்தில் ஓடி வந்தும் இவர் எனக்கு முன்னால் வந்து நடையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போன?"

"நூல்கண்டு வாங்க."

என்னைக் கடந்துபோகும்போது சொன்னார். "நன்னாரி வாசம் அடிக்குது."

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கோயில் மைக்செட்டு காலையிலிருந்து அலறுகிறது. ஒரு வாரம் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் இவர் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். குறட்டை வந்தது. நான் வழக்கம்போலப் போய்க் குனிந்தேன்.

கண்ணைத் திறக்காமலேயே முகத்தை என் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, 'ஹா' என்று மூச்சை விட்டார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது நாக்கை நீட்டுவோமே, அந்த மாதிரி. மறுபடியும் மூடிக்கொண்டு தூங்கினார்.

பின்னாலேயே நகர்ந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். நான் மோந்து பார்ப்பது இவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? முன்னெல்லாம் நான் இவர் சட்டைப்பையைத் தொட்டாலே என்ன நடக்கும் என்று இந்த வீட்டுச் சுவருக்குத் தெரியும். கோபப்படாத ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபப்படுகிற ஆளைவிடப் பயமாக இருக்கிறது. கோபம் எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. அமாவாசைக்கு மறுநாள் மொத்தமாக வருமோ?

ஜூலை 23, புதன்

நாளைக்குக் கோயில். இவர் லீவு போட்டிருக்கிறார். வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். தேங்காய், பழம், சூடம், சுருட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

"பூசாரிட்ட மறுகட்டுக்குச் சொல்லிருவோமா?" என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். "நாளைக்குப் பேசிக்கிருவோம்" என்றார். இவர் நாளைக்குப் பேசிக்கொள்வோம் என்று சொன்ன எதையும் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

பாக்கியம் அக்காவிடம் போய், நாளைக்கும் மறுநாளும் கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் வைக்கச் சொன்னேன். சரி என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, மகராசி.

வினோதா கேட்டது மண்டைக்குள்ளேயே நிற்கிறது. எந்தக் குளம்?

நான் பிறந்த ஊரில் குளமே கிடையாது.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

கோயிலில் நல்ல கூட்டம். கயிறு அவிழ்க்கிறவர்களுக்குத் தனி வரிசை. வெளியே ஆலமரத்தடியில் நாலைந்து ஆட்டோ நின்றன. அவிழ்த்த கையோடு கடைக்குப் போக முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டோக்கள். எங்களுக்கு முன்னால் அவிழ்த்த ஒருத்தர் திருநீறுகூடப் பூசிக்கொள்ளாமல் ஓடினார். அவர் சம்சாரம் தேங்காய்மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் என் முகமும் அதுதான் என்று தோன்றியது.

இவர் முறை வந்தது. அரிவாள் நுனியால் அறுக்கக் குனிந்த பூசாரி நிறுத்திவிட்டார். கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா, இது என் முடிச்சு இல்லையே. நான் மூணு முடிச்சுல்ல போடுவேன்?"

கருப்பசாமி சந்நிதியில் கள்ளக் கயிறு. பக்கத்திலிருந்த வேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "தையிலயே அறுத்துட்டாங்க சாமி. மில்லுக்குப் புது சேஃப்டி ஆபீசர் வந்தாரு. கயிறு மெஷின்ல சுத்துனா கைய இழுத்துரும்னு கத்தரிய வச்சு வெட்டிட்டாரு. கீழ கெடந்தத எடுத்து நானே முடிஞ்சுக்கிட்டேன். மில்லுக்குள்ள பையில வச்சிருப்பேன். வெளிய வந்து மாட்டிக்கிருவேன்."

"குடிச்சியா?"

"இல்ல சாமி."

"அறுந்தா சத்தியமும் போச்சேப்பா. அன்னைக்கே வந்து மறுகட்டு கட்டியிருக்கணும்ல?"

"ஆமா சாமி."

நான் இவரைப் பார்த்தேன். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ தூங்க மாட்ட."

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்?" என்று கேட்டுவிட்டேன். கூட்டத்தில் கேட்டுவிட்டேன், எனக்கே ஆச்சரியம்.

தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. இத்தனை மாதம் கயிறே இல்லாத ஆளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். பங்குனியில் ஃபேன் ரிப்பேருக்காகச் சண்டை போட்டேன். சித்திரையில் இவர் தம்பி பேச்சை எடுத்து மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். கயிறு இருக்கிற தைரியத்தில் பேசினதெல்லாம் கயிறு இல்லாமல் பேசியிருக்கிறேன்.

பூசாரி புதுக் கயிறு ஒன்றை எடுத்து நீவிக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டார். இடது பக்கம் நின்று கேட்டதால் எனக்கு விளங்கவில்லை. சத்தமாகக் கேட்டார்.

"ஏந்தாயி, காது கேக்காதா?"

"இந்தக் காது கேக்காது சாமி. சின்னப் பிள்ளையில குளத்துல..." பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"குளமெல்லாம் இல்ல சாமி" என்றார் இவர். "நான் அடிச்சது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை. கருப்பசாமியின் அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, அடித்த மறுநாள், தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றார். எனக்கும் ஞாபகமில்லை என்று நானும் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் சொல்ல ஒரு குளம் வெட்டிக்கொண்டேன். அதில் நானே நீந்தவும் பழகிவிட்டேன். இன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் இந்த மனிதருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"கட்டவா வேண்டாமா? கூட்டம் நிக்குது" என்றார் பூசாரி.

இவர் கையை நீட்டினார். "அவ சொல்லட்டும்."

இதைத்தான் ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். கட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஆடி வரைக்கும் பயத்தைத் தள்ளிப்போடலாம். வாயைத் திறந்தேன்.

"வேண்டாம் சாமி. கட்டுனா நான் மறுபடியும் கயித்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

பூசாரி பழைய கயிற்றை அறுத்துச் சூடத் தட்டில் போட்டார். அது பற்றிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் புகைந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, நல்ல காதை இவர் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னேன். "இன்னொரு தடவ கை ஓங்குனா நான் போயிருவேன். பை பாக்கியம் அக்கா வீட்டுல இருக்கு. அஞ்சு வருஷமா இருக்கு."

ஒயின்ஷாப்பைத் தாண்டின பிறகு சொன்னார். "இருக்கட்டும். அது அங்கயே இருக்கட்டும்."

ஜூலை 25, வெள்ளி

இரண்டரைக்கு வந்தார். கை வெறுமையாக இருந்தது. மோந்து பார்த்தேன். ரசம்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்க்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் வினோதாவுக்கு நானே போன் பண்ணினேன். அந்தக் காது டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா என்று கேட்டேன். "என்னன்னு சொல்லட்டும்மா?" என்றாள். "அப்பா அடிச்சதுன்னு சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் அழுதாள். எனக்கு வலது காதில் நன்றாகக் கேட்டது.

மத்தியானம் இவர் முடிவெட்டப் போனார். அந்தக் கடை ஒயின்ஷாப்புக்கு இரண்டு கடை தள்ளி. போகட்டும் என்று பாயை விரித்துப் படுத்தேன். இடது தோள்பட்டை வலியில் உயிர் போயிற்று. களிம்பு இன்னும் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து கேட்டின் கொண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, புரண்டு படுத்தேன். நல்ல காதைத் தலையணையில் வைத்தேன்.

கிரைண்டர் இல்லை, மைக்செட்டு இல்லை, தெரு இல்லை. ஒன்றுமே இல்லை. யார் வந்தாலும் இனி எனக்குத் தெரியாது. எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்படியே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். வண்டி உள்ளே நின்றது. இவர் எப்போது வந்தார், எப்போது கேட்டைத் திறந்தார், எதுவும் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மாவு.

"உப்புப் போட்டீகளா?" என்று கேட்டேன்.

"உப்பு வேற போடணுமா?"

நன்றாகத் திட்டினேன். ஊற்றின பாக்கெட்டையெல்லாம் திரும்பப் பிரித்துக் கொட்டி, உப்புப் போட்டுக் கலந்து, இரண்டு பேருமாக ஊற்றினோம். வாங்க வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, இப்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு நான் இவர் வாயை மோந்து பார்க்கவில்லை.